மூடி போட்ட இரண்டு வாளிகள்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீ 'ம், ம்' என்கிறாய், அதற்குள் பின்னாலிருந்து யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய். எட்டாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் மாமா போய் மூன்று மாதம் ஆகிறது. நீ நாலாம் நாளே கிளம்பிவிட்டாய். ஆபீசில் லீவு தரவில்லை என்று தெரியும். தெரிந்தால் மட்டும் மனசு கேட்கிறதா?

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீ மீன்வளத் துறையில் இருக்கிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். உன் மாமா வளர்த்த மீன் எட்டு நாளாகச் சாப்பிடவில்லை. முதலை மாதிரி நீளவாய் உள்ளதே, அதுதான். விரல் நீளத்தில் வந்தது, இப்போது என் கை நீளம். தொட்டி போதாமல் முதுகு வளைந்து திரும்புகிறது. அவர் இருந்தால் பெரிய கண்ணாடித் தொட்டி ஒட்டியிருப்பார். இதற்காகவே மூன்று தொட்டி ஒட்டினார். ஊருக்கெல்லாம் தொட்டி ஒட்டிய மனுஷன், வீட்டு அலமாரிக் கண்ணாடி உடைந்து இரண்டு வருஷம் அப்படியே கிடந்தது, போ.

முதலில் இரண்டு இருந்தன. ஒன்று மற்றதைக் கடிக்கிறது என்று, பாவம் பார்த்து, பெரிய ஏரியில் விட்டுவிட்டு வந்தார். இதையும் அங்கே விடலாமா? ஆனால் இது போய்விட்டால் வீட்டில் மூச்சு விடுவது நான் மட்டும்தான். மேலே வந்து 'க்ளக்' என்று காற்றை விழுங்கிவிட்டுப் போகும், பார்த்திருக்கிறாயா? அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 10

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ சாப்பிட்டாயா என்று எழுதவே இல்லையே. மீன் சாப்பிடவில்லை என்று ஒரு பக்கம்.

சின்ன இறாலை உரித்து, குச்சியில் குத்தி, வாய்க்குப் பக்கத்தில் ஆட்டிப் பார். தண்ணீரில் பாதியை மாற்று. ஏரியில் மட்டும் விட்டுவிடாதே. எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. அது விற்கவே கூடாத மீன் அக்கா. தடை இருக்கிறது. ஏரியில் போனால் மற்ற மீன், குஞ்சு ஒன்றையும் வைக்காது. ஆள் உயரத்துக்கு வளரும்.

மாமா இதை வாங்கியது, அவர் தொட்டி ஒட்டிக் கொடுத்த அந்த வளர்ப்பு மீன் கடையில்தானே? அங்கே இன்னும் இருக்கிறதா? கடைக்காரர் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்? எந்தக் கிழமை சரக்கு வருகிறது? உனக்குத் தெரிந்ததை எழுது. நான் கேட்டதாக யாரிடமும் சொல்லாதே. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் தம்பி

*

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

இறால் தின்றது! உன் புண்ணியம். முதலில் குச்சியைத்தான் கடித்தது, என்னை மாதிரி மக்கு.

தடை என்று நீ எழுதியதைப் படித்ததும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். உன் மாமாவுக்கு அது தெரியாது. தெரிந்து செய்கிற ஆள் இல்லை அவர். கடைக்காரர் நட்புக்காகக் கொடுத்தார், இவர் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். கடைக்குப் பின்னறை இருக்கிறது, பச்சைத் திரை தொங்கும். அதற்குப் பின்னால்தான் இந்த மீன்கள். ஏழெட்டுத் தொட்டி, எல்லாம் உன் மாமா ஒட்டியது. வியாழக்கிழமை காலையில் பெட்டி வரும். தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார். "பொண்ணு கொடுக்கிற மாதிரிதான் அண்ணி, வீட்டைப் பார்த்துத்தான் மீனைக் கொடுப்பேன்" என்று சிரிப்பார்.

அவரைத் தப்பாக நினைக்காதே. உன் மாமா கடையில் தொட்டியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே, தாங்கிப் பிடித்தது அவர்தான். தன் வண்டியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஓட்டி, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நீயும் நானும் பிடிக்காத தலை அது. அதை நான் மறக்கக் கூடாது.

எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறாய்? சும்மாதான் என்று எழுதினாய், நம்புகிறேன்.

அக்கா

*

ஜூலை 2

தம்பிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நேற்றிலிருந்து நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.

நேற்று மத்தியானம் கடைக்காரர் வந்தார். இரண்டு கையிலும் மூடி போட்ட வாளி. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை.

"அண்ணி, ரெண்டே நாள். உங்க குளியலறையில இருக்கட்டும். உங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க."

"என்னண்ணே இது?"

"மீன்வள ஆபீஸ்லேருந்து சோதனைக்கு வர்றாங்களாம். தெரிஞ்ச ஒருத்தர் காதுல போட்டார். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான் அண்ணி. பின்னறை, பச்சைத் திரை, வியாழக்கிழமை, எல்லாம் புள்ளி வச்சு எழுதியிருக்கான்."

பச்சைத் திரை, நான் உனக்கு எழுதிய அதே வார்த்தை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். உன் மாமா நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்து, பாவம், அவரே எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வாளிகளைக் குளியலறையில் வைக்க வழிவிட்டேன்.

சாயங்காலம் சோதனை போட்டார்கள். வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இன்றைக்குக் காலையில் கடையில் தொட்டி கழுவுகிற அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவள் வீட்டுக்காரர் பெரிய ஏரியில் வலை போடுகிறவர். ஏரியில் மீன் குறைந்துபோனதை அவள் கடையில் நாலு தடவை புலம்பியிருக்கிறாள். அதனால் அவள்தான் எழுதியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார். அவளுக்குக் கையெழுத்துகூடப் போட வராது. வேறு யாரையாவது வைத்து எழுதியிருப்பாள் என்கிறார்.

அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, உங்க பேச்சுக்கு அவர் மரியாதை கொடுப்பார்" என்று அழுதாள். நான் குளியலறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வாளிக்குள் 'க்ளக், க்ளக்' என்கிறது. குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொன்னேன்.

தம்பி, நீயா? இல்லை என்று ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

நான்தான்.

போனில் இதைப் பேசக்கூடாது என்றுதான் எடுக்கவில்லை. திட்டு, ஆனால் கேள். இந்த மீனால் எத்தனை ஏரி பாழாய்ப் போனது என்று என் மேசைக்குத்தான் தாள் வருகிறது. நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். என் பெயரைப் போட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், உன்னிடம் வந்து நிற்பார்கள். அதனால்தான் பெயர் போடவில்லை. உனக்காகத்தான்.

இப்போது நான் சொல்கிறபடி செய். வாளி நிறைய ஐஸைக் கொட்டு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிடு. மாமாவின் மீனையும் சேர்த்துத்தான். கடைக்காரர் கேட்டால் செத்துப்போயிற்று என்று சொல். சொந்த அக்கா வீட்டிலேயே அந்த மீன் இருந்தது என்று வெளியே வந்தால் என் வேலை இருக்காது. அந்த அம்மாவுக்கு வேறு வேலை கிடைக்கும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜூலை 13

தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்து அடுப்பில் போட்டேன்.

அன்றைக்கே கடைக்காரரும் வந்தார். ரெண்டு நாள் என்றவர், ஏழாம் நாள் வந்தார். தெருமுனையில் இன்னும் யாரோ நோட்டம் விடுகிறார்களாம், எடுத்துப்போக முடியாதாம். "பேசாம ஏரியில ஊத்திடுங்க அண்ணி. சனியன் ஒழியட்டும்."

"ஏரியில விடக்கூடாதுங்கிறாங்களே அண்ணே."

"யாரு? மீன் என்ன துப்பாக்கியா? தண்ணியிலேருந்து வந்தது, தண்ணிக்கே போகுது."

நீ ஐஸ் என்கிறாய், அவர் ஏரி என்கிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றுதான். யாருக்கும் தெரியக் கூடாது. அடுத்த நாள் காலையில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், ஊற்றிவிடத்தான் போனேன். எனக்குப் பயம் தம்பி. சைக்கிள் மணி அடித்தாலும் ஆபீஸ்காரர்தான் என்று கதவைச் சாத்துகிற பயம்.

கரையில் தொட்டி கழுவுகிறவளும் வீட்டுக்காரரும் வலையை விரித்துப் போட்டிருந்தார்கள். வலை முழுக்கக் கிழிசல். பக்கத்தில் கூடை, அதில் ஒரே மீன். நீளவாய். என் இடுப்பு உயரம்.

"பாத்தீங்களாம்மா, இதான் வலையைக் கிழிக்குது. திங்கவும் ஆள் இல்ல, விக்கவும் ஆள் இல்ல. யாரு பெத்த பிள்ளையோ, இங்க வந்து விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள், வேலை போன வருத்தத்தை வெளியே காட்டாமல். வாளியில் என்ன என்று கேட்டாள். துணி என்றேன். துவைத்துக்கொண்டு போகவில்லையா என்றாள். சோப்பை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்துவிட்டேன்.

அது உன் மாமா விட்டதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பாவம் பார்த்து விட்டார். இத்தனை வலை கிழியும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கு நீ சொல்லிவிட்டாய். இனி தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

வாளியோடு நேராகக் கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அந்தக் கடுதாசி என் கையால வந்தது அண்ணே. அவளை விட்டுடுங்க."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்களா அண்ணி?"

"நான்தான்."

"உங்க வீட்டுக்காரர் தலையை இந்தக் கையில ஏந்திட்டுப் போனேனே."

"அதனாலதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இந்த மீனை எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போறேன். யாரு கொடுத்தாங்கன்னு கேப்பாங்க. சொல்லிடுவேன். நீங்களும் வர்றதா இருந்தா வாங்க."

அவர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வாசலில் இரண்டு வாளியையும் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றைத் தூக்கினால் ஒன்று நிற்கிறது. இரண்டையும் தூக்கினால் நாலடிக்கு மேல் நடக்க முடியவில்லை. தெருமுனை வரைக்கும் வைத்து வைத்து எடுத்துப் போனேன். அங்கே கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகம் பார்க்கவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டார். ஆபீஸ்வரை எனக்குப் பத்தடி பின்னாலேயே வந்தார். படியில் கால் தடுக்கியபோது மட்டும் "பார்த்து" என்றார்.

கடுதாசி எழுதியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். அதிலிருந்த வார்த்தையெல்லாம் என்னுடையதுதானே, பொய்யில்லை. ஏன் பெயர் போடவில்லை என்றார்கள். பயம் என்றேன். அதுவும் பொய்யில்லை, யாருடைய பயம் என்று அவர்கள் கேட்கவில்லை. உன் பேச்சே வரவில்லை, நிம்மதியாக இரு. உன் மாமா ஏரியில் விட்டதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் முழுப் பெயரையும் எழுதினேன், கொஞ்சம் நேரம் பிடித்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பெரிய மீனையும் எடுத்துப் போனார்கள். ஈரச் சாக்கில் சுற்றினார்கள். வலிக்காமல் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன், அந்த ஆள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தொட்டி கழுவுகிறவள்மேல் பழி இல்லை என்றாகிவிட்டது, ஆனால் கழுவக் கடைதான் இல்லை. கடைக்காரர் இனி என்னை அண்ணி என்று கூப்பிடுவாரா, தெரியாது. நல்லது செய்தேன் என்று நெஞ்சு நிமிரவில்லை. சைக்கிள் மணி கேட்டால் பயப்படுவது மட்டும் நின்றிருக்கிறது.

நீ சொன்னது சரி தம்பி. அந்த மீனை விற்கக் கூடாது. நீ செய்ததில் பாதி சரி. ஆனால் துக்கத்தில் இருக்கிற அக்கா உன்னிடம் மனசைக் கொட்டி எழுதினால், அதிலிருந்து உனக்கு வேண்டியதை நறுக்கி எடுத்துக்கொண்டாய். என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்கிறாய். கேட்டிருக்கலாம். இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம். கடைசியில் நான்தானே போனேன்?

என் கடிதங்கள் உன்னிடம் நான்கு இருக்க வேண்டும், இதோடு. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. பதில் எழுதாதே. போனும் வேண்டாம். லீவு போட்டு, நேரில் வந்து, எதிரில் உட்கார்ந்து சொல். எத்தனை நாளானாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் நான் எழுத மாட்டேன்.

தொட்டித் தண்ணீரை இன்றைக்குத்தான் இறைத்து முடித்தேன். உள்ளே தலையை விட்டுத் துடைக்கும்போது பார்த்தேன். கீழ்மூலையில் பசையை விரலால் இழுத்துவிட்ட இடத்தில் உன் மாமாவின் கட்டைவிரல் ரேகை அப்படியே காய்ந்து நிற்கிறது. தண்ணீர் இருந்தவரைக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறேன். வந்தால் காட்டுகிறேன்.

அக்கா