சக்திகர் சாலையில் தயிர்சாதம்

நவம்பர் 8, வெள்ளி
இவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது. மாதக் கடைசியில் பவானிபூர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கல்கத்தாவில் பதினெட்டு வருடம். வெளியூர்ச் சாலைகளில் இருக்கும் விசித்திரமான கடைகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு பௌதி, பெங்காலி அண்ணி, சொல்லக் கேட்டதுதான் மிச்சம். எங்கே போனாலும் நாலு மணிக்கு எழுந்து நான் கட்டிய சோற்றையே நானும் தின்றேன். மூன்று ஞாயிறு மிச்சம். காரில் கூட்டிப் போங்கள், கடையில்தான் சாப்பிடுவேன் என்றேன். சரி என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு
சக்திகர் தாண்டி ஒரு கடை. அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை இல்லையாம். நடுவில் கயிறு. இந்தப் பக்கம் அண்ணனின் லூச்சி, அதாவது மைதா பூரி; அந்தப் பக்கம் தம்பியின் டீ. அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பி நம்மிடம் சொல்கிறான்! சிரித்துக்கொண்டே லூச்சி கேட்க வாயெடுத்தேன். இவர் பையிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்து வைத்தார். காலையில் "எதுக்கும் இருக்கட்டும்"னு என்னைச் செய்ய வைத்தது இதற்குத்தானா?
"கடை எண்ணெய் நமக்கு ஆகாது சுலோ. இருக்கறத வீணாக்காத."
நானும் தின்றேன். அதுதான் எரிகிறது. அவர் சொன்னதல்ல — நான் தின்றது.

நவம்பர் 11
டப்பாவை நான் கழுவவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு
கிருஷ்ணநகர் பக்கம். பழைய பஸ்ஸை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். டிரைவர் சீட்டில் முதலாளி. சாப்பாடு தயாரானால் ஹாரன் அடிக்கிறார். இன்று நான் எதுவும் கட்டவில்லை. இவரும் எதையும் தொடவில்லை. பட்டினி கிடந்து என்னைக் குற்றவாளி ஆக்குகிறாராம்! நான் முழுத் தட்டையும் காலி செய்தேன். ருசியே தெரியவில்லை. பாவி மனுஷன்.
காரில் கத்திவிட்டேன். "பதினெட்டு வருஷமா அலாரம் வச்சு எந்திரிச்சது நான். ஒரு நாளாவது அரிசி களைஞ்சிருக்கீங்களா? என் வயித்துக்கும் நீங்கதான் அதிகாரியா?"


நவம்பர் 20, புதன்
"தயிர்சாதத்துக்குத் தண்ணி எவ்வளவு வைப்ப?" என்று கேட்டார். குக்கரையே கேளுங்க என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு
நாலு மணிக்கு அலாரம். நான் வைத்ததல்ல. அடுக்களையில் குக்கர் சத்தம். எழுந்து போகக் கால் பரபரத்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.
ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் மேடையெல்லாம் சோறு. ஒரே ஒரு டப்பா.
"உனக்கு வைக்கல," என்றார், என்னைப் பார்க்காமல். "அந்த அண்ணன் தம்பி கடைக்கே போவோமா?"
அங்கே லூச்சி ஆறு சாப்பிட்டேன். அவர் தன் தயிர்சாதத்தில் முதல் வாய் வைத்ததுமே முகம் சுருங்கியது. உப்புப் போட மறந்திருக்கிறார்.
உப்புக் கிண்ணம் என் பக்கம்தான் இருந்தது. நகர்த்தவில்லை.