சற்றே துடிப்பானது

ககாமிகஹாரா
ஷோவா 10 (1935), நவம்பர் 18

அன்பு மகன் தெய்ஜிக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம், மஞ்சூரியக் குளிரில் நீயும் உன் படைப்பிரிவு விமானிகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மா முள்ளங்கி ஊறுகாயும் வயிற்றில் கட்டிக்கொள்ளக் கம்பளிப் பட்டையும் கொடுத்திருக்கிறாள், பட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கட்டிக்கொள். தங்கை ஃபுசே தையல் பள்ளியில் சேர்ந்துவிட்டாள், வாய்தான் குறையவில்லை.

இதைத் தபாலில் போடாமல் எங்கள் சோதனை விமானி ஹோசாகா கையில் கொடுத்தனுப்பக் காரணம் உண்டு, உங்களுக்கு வரும் தபாலை ராணுவத்தில் பிரித்துப் படிப்பார்கள். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை வைத்து எங்கள் தொழிற்சாலை புதிதாகச் செய்த சண்டை விமானத்தைப் பற்றி எழுதியிருந்தேனே, அதில் இரண்டு செய்தார்கள். முதலாவதை ஓட்டிவிட்டு இறங்கிய ஹோசாகா, இடப்பக்கம் திருப்பினா சுத்த ஆரம்பிச்சுடுது, கழுதை மாதிரி சொன்ன பேச்சே கேக்கல, எவனையாவது கொன்னுட்டுத்தான் ஓயும்னு எழுதிக்குங்க மொரிஷிமா சான் என்று என்னிடம் கத்தினார். அறிக்கை எழுதுவது என் வேலை. ராணுவத்துக்குப் போகிற தாளில் கழுதையும் கொலையும் வரலாமா என்று, இடப்பக்கத் திருப்பத்தில் சற்றே துடிப்பானது என்று எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை தெய்ஜி. மேலாளர் படித்துவிட்டு, உங்க நடையே தனிதான் என்றார், அன்று உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன். அந்தத் தாளை நம்பி ராணுவத்திலிருந்து வந்த லெப்டினன்ட் கட்சுபே, உன் வயதுதான், தாழ்வாகப் பறந்து இடப்பக்கம் திருப்பினார், விமானம் சுற்றிக்கொண்டே தரையில் மோதியது. உயிர் தப்பிவிட்டது, வலது காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், நான்தான் அவசரப்பட்டு உங்க விமானத்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க ஐயா என்று படுத்தபடியே என்னை வணங்குகிறார். நானும் வாயைத் திறக்காமல் பதிலுக்கு வணங்கிவிட்டு வந்தேன், பாவி.

மறுநாளே பழைய அறிக்கையை எடுத்தேன். ஹோசாகா சொன்னதைக் கழுதையோடு அப்படியே திருத்தி எழுதிக் கொடுத்தேன், மேலாளர் புத்தாண்டு கழியட்டும் என்று மேசைக்குள் போட்டுவிட்டார். இதற்குள் இரண்டாவது விமானம் குளிரில் சோதித்துப் பார்க்க ஹோசாகாவோடு உங்கள் படைப்பிரிவுக்கே வருகிறது, கூட வரும் அறிக்கை நான் முதலில் எழுதியதுதான். அப்பாவின் கையெழுத்தாயிற்றே என்று அதை நம்பிவிடாதே. ஹோசாகா தானாகப் பேசக் கூடாதென்று உத்தரவு, ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டார். உட்கார வைத்து, ஊறுகாயைப் போட்டுச் சோறு கொடுத்துக் கேள், உன் தோழர்களையும் கேட்கச் சொல். கட்சுபேவுக்கும் இன்று உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

நீண்ட ஆயுளோடு இரு, முழு உடம்போடு வீடு வந்து சேர். கம்பளிப் பட்டை, இடப்பக்கத் திருப்பம், இரண்டையும் மறக்காதே.

உன் அப்பா,
மொரிஷிமா யசுகே