எட்டும் ஐந்தும் பதினான்கு

அடியே,

இரவு பெய்த மழையில் நம் சேக்காட்டுப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஊறிப்போயிருக்கிறது. ஈர சாக்பீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. உன் இரண்டாம் வகுப்பு இப்போது என் தலையில்.

ஒரே கூடம், நடுவில் ஒரு தட்டி. உன் பக்கம் எப்போதும் சந்தை இரைச்சல். தினமும் காலையில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கணக்கைத் தப்பாக எழுதுவாய். கண்டுபிடித்த பிள்ளை "தப்பு டீச்சர்!" என்று கத்தும். மற்றவர்கள் கைதட்ட, அது சாக்பீஸை வாங்கித் திருத்தும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில், "மாட்டுக்கு ரெண்டு கால்" என்பாய். அவ்வளவுதான், தூக்கம் பறந்துவிடும். என் வகுப்பும் தட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கொஞ்சம் அடக்கி வாசிடி."

"சும்மா குந்திகினு இருந்தா இதுங்க தூங்கிடுங்கடி. டீச்சரையே மடக்கலாம்னா எந்தப் புள்ள தூங்கும்?"

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம். பசங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா."

"உங்க டீச்சர் இறந்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க" என்றேன்.

முன்வரிசை யாழினி துள்ளி எழுந்தாள். "தப்பு டீச்சர்!"

வகுப்பே கைதட்டியது. அவள் சாக்பீஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "இல்லம்மா, நிஜம்தான்" என்றேன். அந்த நிமிடம் உன்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அன்றிலிருந்து ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை. மரத்தடிக்கு அழைத்துப் போய்த் தரையில் எண்களை எழுதித் தாண்டச் சொன்னேன். தாண்டின. புளியங்கொட்டையைக் கொட்டி எண்ணச் சொன்னேன். எண்ணின. எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் செய்கின்றன. நான் உன்னிடம் சண்டை போட்டுக் கேட்ட அமைதி இதுதான். பயமாக இருக்கிறதடி.

இன்று அந்த ஈரப் பலகையில் எட்டும் ஐந்தும் பதினான்கு என்று எழுதினேன். யாழினியின் விரல்கள் மடியில் மெல்ல எண்ணின. முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியா இருக்காம்மா?"

"சரிதான் டீச்சர்."

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். நான் அதைத் திருத்தவில்லை, அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கும் தப்பாகத்தான் எழுதப்போகிறேன், அவள் என்னைப் பார்த்துக் கத்துகிற வரைக்கும்.