இத்தாலிக்காரன் கிண்டிய களி

அண்ணா,

போன ஞாயிறு உன் மகள் திண்டிவனத்துக்கு வந்து, நீ கண்மூடிய பிறகும் உன் வீட்டுப் பரணிலேயே கிடந்த துடுப்பைக் கொண்டு என் வீட்டு அடுப்பில் களி கிண்டினாள். கொதிநீரில் கேப்பை மாவு விழுந்ததும் எழுந்த வாசனை கூடம் வரைக்கும் வந்தது. முப்பது ஆண்டுகளாக நான் தவிர்த்துவந்த வாசனை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

புதுச்சேரிக்கு அந்த வெளிநாட்டுப் படம் பார்க்கப் போனோமே, நினைவிருக்கிறதா? இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப்போன அண்ணன் தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடைதான் கதை. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை உன் காதருகில் தமிழில் சொல்வது என் வேலை. படத்தில் அந்த அண்ணன் செப்புப் பானையில் சோள மாவைக் கொட்டிக் கிண்டத் தொடங்கியதும், அரங்கமே திரும்பிப் பார்க்க நீ கூவினாய்.

"டேய், இது நம்ம களிடா! துடுப்பப் பாரு. ஒடம்ப வளச்சுக்கினு கிண்டறான், நம்ம அம்மா மாரியே!"

"மெதுவாண்ணா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. இத்தாலிக்காரனும் களி துன்றான்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் அப்போது எனக்கிருந்த நோய். விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நீ களியும் கருவாட்டுக் குழம்பும் விற்றுக்கொண்டிருந்தாய். கழனி வேலைக்குப் போன அம்மா நமக்குக் கிண்டிப்போட்ட அதே சாப்பாடு. என்னோடு வேலைபார்த்த ஆசிரியர்கள் அந்தப் பக்கம் வந்தால் நான் சந்துக்குள் ஒதுங்கிவிடுவேன். பரோட்டா போடு, பூரி போடு என்று எத்தனையோ முறை சொன்னேன். நீ சிரித்துவிட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாய்.

படத்தின் கடைசியில் அந்தத் தம்பி துடுப்பை எடுத்து அண்ணன் கையில் திணித்து அழுதான். 'அம்மாவின் களியை நிறுத்திவிடாதே, வெட்கப்பட்டது என் தப்பு' என்று கீழே எழுத்து ஓடியது. நீ என் பக்கம் சாய்ந்தாய்.

"இன்னாடா சொல்றான்?"

"காலம் மாறிப்போச்சாம். இந்தக் களிய வுட்டுடலாம்னு சொல்றாண்ணா."

"அத்தச் சொல்லவா இப்டி அழுவறான்?"

"ஆமாண்ணா."

பேருந்து கண்டமங்கலம் தாண்டியதும், பரோட்டாக் கல் என்ன விலை இருக்கும் என்று கேட்டாய். மறுவாரம் களிப்பானை பரணேறியது. கடை முன்பைவிட நன்றாகவே ஓடியது. அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பரோட்டாக் கல்லின் பக்கத்திலிருந்து உன் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டில்கூட நீ துடுப்பைத் தொடவில்லை.

ஞாயிறன்று சாப்பிட்டு முடித்ததும் உன் மகள் கைப்பேசியை நீட்டினாள். "சித்தப்பா, அப்பா அடிக்கடி சொல்வாரே, அந்த இத்தாலிப் படம், இப்ப தமிழ்லயே வந்திருக்குங்க." அந்தத் தம்பி தமிழிலேயே அழுதான். எனக்கு ஒளிய இடமில்லை.

"நான் உங்கப்பாகிட்ட இத மாத்திச் சொல்லிட்டேம்மா."

"அப்பாவுக்கு அப்பவே தெரியுங்க சித்தப்பா. 'படத்துல அந்தாளு மூஞ்சி ஒண்ணு சொல்லுது, உன் சித்தப்பன் வாயி ஒண்ணு சொல்லுது. பொய் சொல்ற அளவுக்கு அவனுக்குக் கூச்சமா இருக்குதுன்னா, அப்புறம் எனக்கு இன்னாத்துக்குக் களி'ன்னாரு."

எத்தனை ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். பார்த்து எழுதிய பிள்ளையை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை வேறு. நீயும் கண்டுபிடித்தாய், அண்ணா. ஆனால் ஒரு கோடுகூடக் கிழிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

துடுப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன் கை பிடித்த இடம் தேய்ந்து குழிந்திருக்கிறது. அங்கே என் விரல்களை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் காதருகில் நீ கேட்கிறாய், "அத்தச் சொல்லவா இப்டி அழுவறான்?" இல்லை என்று சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். இருட்டரங்கிலிருந்து என் பழைய குரல் முந்திக்கொள்கிறது: "ஆமாண்ணா."