ஜெர்மனிக்கு எந்த மாதம்?

காலையில் ஜன்னல் கம்பியில் சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருந்தது. எதிர் பனியன் கம்பெனியில், குளிர்நாட்டுக்குப் போகும் தொப்பி வைத்த ஹூடிச் சட்டைக்குத் துணி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர் மண்ணரைக்குக் குளிர்காலம் சித்திரை வெயிலில்தானே வரும்! கழுத்து மடிப்பெல்லாம் இந்தப் பஞ்சோடுதான் நீங்கள் வேலைவிட்டு வருவீர்கள். "இத்தன வேர்வைல வெட்டறமே, அங்க நெசமாலுமே அவ்வளவு குளுருதா? ஒருக்கா போயிப் பாத்துப்போடோணும் அம்மிணி" என்பீர்கள்.

போன வருடம் அதற்கு வழியும் வந்தது. ஜெர்மனியில் இருக்கும் மகள் நம் இருவரையும் அழைத்தாள். ஜூனில் வாருங்கள், வெயில் இதமாக இருக்கும் என்றாள். கட்டிங் மாஸ்டரான உங்களுக்கு அது பிடிக்கவில்லை.

"ஜூன்ல போயி என்ன பண்றது? நம்ம பீஸெல்லாம் அவிங்க பீரோவுக்குள்ள கெடக்கும். ஜனவரில போனாத்தான் போட்டுட்டு நடக்கறதப் பாக்கலாம்."

"ஏனுங்க, அந்தக் குளுரு நமக்குத் தாங்குமாங்க?"

"நாம வெட்டுனதயே ஆளுக்கொண்ணு போட்டுக்கலாம், வா."

உங்களிடம் பேசி ஜெயிக்க முடியுமா? ஜனவரிக்கே டிக்கெட் போட்டோம். ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அழுத அழுகையில் பாதி கோபம். ஜூனில் போயிருந்தால் அந்த ஊரில் ஒரு தெருவையாவது பார்த்திருப்பீர்கள்.

இப்போது மகள் மறுபடி கூப்பிடுகிறாள். அப்பா சொன்ன ஜனவரிக்கே வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டாள். "அம்மா, ஜனவரில அதுக்கு மேல பெரிய கோட்டு போட்டு மூடிக்குவாங்க. ஹூடியே வெளிய தெரியாது. அக்டோபர் கடைசில வாங்க. நவம்பர் ஆச்சுன்னா கோட்டு வந்துரும்."

முப்பது வருடம் குளிருக்குத் துணி வெட்டியவர், அதற்கு மேலும் ஒன்று போடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை! எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கேலி செய்ய நீங்கள்தான் பக்கத்தில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்களா, முதுகில் தொங்கவிடுவார்களா? நடக்கும்போது கையை முன்பைக்குள் விட்டுக்கொள்வார்களா? உங்கள் ஆசை என்னைத் தொற்றிக்கொண்டுவிட்டது.

அக்டோபர் கடைசியில்தான் உங்கள் முதல் திதி வருகிறது. "அண்ணன் திதிக்கு நீங்க ஊட்ல இல்லீன்னா எப்படிங்க அண்ணி?" என்று உங்கள் தம்பி முகம் சுளித்தார். நாலு நாள் யோசித்தேன். அக்டோபருக்கே டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். திதி கொடுக்கத் தம்பி இருக்கிறார். நீங்கள் பார்க்காமல் விட்டதைப் பார்க்க, என்னை விட்டால் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?