இரும்பு கிடைக்காத அன்றைக்கு

மதினி,

இன்று ஒரு பெண்ணின் கையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிவிட்டேன். ஏழாயிரம்பண்ணையில் பஸ் ஏறிய சின்னப் பெண், இருபது வயது இருக்கும். பஸ் டயர் வெடித்த சத்தத்தில் அப்படியே உறைந்துபோனாள். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. உடனே யாரோ, "வலிப்பு, இரும்பு குடுங்க" என்று சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கூட்டத்தை விலக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் என்னிடம் பேசுவதைப் போலவே பேச ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தண்ணி இருக்காக்கா?" என்றாள். மதினி, எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. நீங்கள் இல்லாததால் எழுதுகிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் நம் பக்கத்து ரூம் வெடித்த பிறகு நானும் இப்படித்தானே இருந்தேன். கை பாட்டுக்குத் திரி சொருகிக்கொண்டிருக்கும், நான் இருக்கமாட்டேன். ஒருமுறை நாரணாபுரத்தில் நின்றேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அந்த வெடியில் செத்துப்போன பிள்ளை என்மேல் இறங்கிவிட்டாள் என்று வீட்டில் முடிவுகட்டினார்கள். மாமியார் என் கைக்குழந்தையைத் தூக்கவே விடவில்லை. "நெனப்பு தப்புனா பிள்ளையக் கீழ போட்ருவ" என்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, எனக்கே அந்தப் பயம் இருந்தது. என் மகள் என்னை அறியாமலே வளர்ந்துவிடுவாளோ என்று தினமும் செத்தேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை. வேலை நடுவிலேயே நான் போய்விட்டேன். போர்மேன், "இரும்பு கொண்டாங்க, இரும்பு" என்று கத்தினாராம். அங்கே ஏது இரும்பு? பொறி பறக்கும் என்று ஊக்கு, ஹேர்பின்னைக்கூட வாசலில் கழற்றி வாங்குகிறவரே அவர்தானே. இல்லாத இரும்பைத் தேடி ஆறேழு பேர் ஓடிய கதையை நீங்கள் எத்தனை தடவை நடித்துக்காட்டியிருப்பீர்கள்! நீங்கள் மட்டும் ஓடவில்லை. எங்கோ தூரத்தில் உங்கள் குரல் கேட்டது.

"ஏ செல்வி, இது நம்ம ரூமு. இன்னைக்கு வெள்ளிக்கிழம. நீ புளிச்சோறு கொண்டாந்த, எனக்குப் பாதி குடுத்த. தரை சில்லுன்னு இருக்கா? காலை ஊனிப் பாரு."

ஊன்றினேன். சில்லென்று இருந்தது. வந்துவிட்டேன்.

தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் லீவு போட்டு என்னை விருதுநகர் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். என் மாமியாரையும் விடவில்லை. "அத்த, நீங்களும் வந்து கேளுங்க" என்று இழுத்து வந்தீர்கள். தலையில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, வலிப்பு இல்லை என்றார் டாக்டர். "பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. தாங்கமுடியாததப் பாத்தப்போ மனசு தள்ளி நின்னுக்கிருச்சு. இப்ப ஆபத்து போனாலும் அந்தப் பழக்கம் போகல." அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் என்னிடம் பேசியதைக் கேட்டு, அதுதான் சரியான முதலுதவி என்றார். "இரும்பு கிடைக்கல டாக்டர், அதான்" என்றீர்கள். அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாதக்கணக்கில் போனோம். அந்த விபத்தை அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். ஒரு வாரம் வாசல் வரைக்கும், மறுவாரம் புகை வரைக்கும். நடுவில் இரண்டு தடவை பழையபடி ஆனது. ஆனாலும் தினமும் சாயங்காலம் நீங்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, மாமியாரிடம் சொல்லிப் பிள்ளையை என் மடியில் வைப்பீர்கள்.

நீங்கள் காமாலையில் போனீர்கள். உங்களைத் தூக்கும்போது ஊர் வழக்கப்படி சரவெடி போட்டார்கள். தெருவே திரும்பி என்னைத்தான் பார்த்தது. நான் எங்கும் போகவில்லை, மதினி. ஒவ்வொரு வெடியையும் கேட்டேன், உங்கள் முகத்தைப் பார்த்தேன், வாய்விட்டு அழுதேன். மகள் என் இடுப்பில் இருந்தாள். மாமியார் பக்கத்திலேயே நின்றார். பிள்ளையைக் கொடு என்று அவர் கை நீட்டவில்லை.