அளவுக்குச்சியின் அடி

ராமிரோ,

நேற்றுக் காய்ச்சிய பீர் இருபது லிட்டர் நிற்க வேண்டும், பதினேழுதான் நிற்கிறது. அடுப்பில் அதிகம் சுண்டிப்போகவில்லை. பானைக்குள் நிறுத்தி அளக்கும் அளவுக்குச்சி அடியில் இரண்டு விரல் குட்டையாகியிருக்கிறது. அடி போனால் லிட்டர் கோடெல்லாம் கீழே இறங்கிவிடும். குறைவாக ஊற்றியதே சரியாகத் தெரியும்.

கேட்டதற்கு, "நான் தொடவே இல்லடி, உங்கண்ணனக் கேளு" என்றாய். அண்ணன் இங்கே வந்தே இரண்டு மாதமாகிறது.

மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பீரில் ஊற்று. மாத்தே டீ குடிக்கச் சுடவைத்த தண்ணீர் வேண்டாம். அது கொதிக்காதது, பீர் புளித்துவிடும். பிறகுதான் ஈஸ்ட் போட வேண்டும். இது கெட்டால் என் தங்கை கல்யாணத்துக்கு வேறு பீர் கிடையாது.

சாப்பிட, கறி வைத்துச் சுட்ட எம்பனாடா அடுப்புக்குள் இருக்கிறது.

ஐலீன்

பி.கு. ஞாயிறன்று நீ இறைச்சி சுட்ட சாம்பலில், நுனி கரிந்த கட்டைத்துண்டு ஒன்று கிடந்தது. அறுத்த பக்கம் குச்சியோடு அப்படியே பொருந்துகிறது. உன் தட்டில் வைத்திருக்கிறேன்.